அக்கிலீஸின் கோபமும் கான்சாகிபுவின் கோபமும்

போன வாரம் எங்கள் நாரணாபுரத்து டீக்கடையில் ஒரு சின்ன வாக்குவாதம். தீபாவளிச் சரக்கெல்லாம் லாரி ஏறிப் போய்விட்டதால், ஊரில் பேசுவதற்கு நேரம் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ‘மருதநாயகம்’ படத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். 1997-ல் எலிசபெத் ராணியே வந்து தொடக்க விழாவில் கலந்துகொண்ட படம், நின்றே போய்விட்டதே என்று வருத்தப்பட்டார்.

“அந்தாளு துரோகியில்ல? வெள்ளைக்காரனுக்காக பூலித்தேவர் கோட்டையை இடிச்சவரு. அவருக்கு எதுக்குப் படம்?” என்றார் ஒரு அண்ணாச்சி.

“வெள்ளைக்காரனை எதிர்த்துத் தூக்குல தொங்கினவரய்யா” என்றார் ஆசிரியர்.

என்னைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க சார்” என்றார்கள். “ரெண்டும் அவர்தான்” என்றேன். இரண்டு பேருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன் என் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்; என் அப்பா புதுச்சேரியில் மில் வேலை பார்த்தார், நான் அங்கே பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா காலமான பிறகுதான் அம்மாவின் ஊரான நாரணாபுரத்துக்கு வந்தோம். பிரெஞ்சு வாத்தியார் சொல்வதை எழுதும் பாடத்தில் ஓமரின் ‘இலியட்’ கதைப் பகுதிகள் அடிக்கடி வரும். ஹோமர் என்று சொன்னால் எங்களுக்குத் தெரியாது, ஓமர்தான். அக்கிலீஸ் எங்களுக்கு அஷீல், ஹெக்டர் எக்தோர். இன்றைக்கும் என் பேரன் முன்னால் எக்தோர் என்று சொல்லிவிட்டால் சிரிக்கிறான்.

அந்த வயதில் எங்களுக்கு எம்.ஜி.ஆர். படம் பார்த்துப் பழக்கம். வீரன் என்றால் பயப்பட மாட்டான், தப்புச் செய்ய மாட்டான். ஆனால் ட்ராய் நகரைக் காக்கும் எக்தோர், கோட்டை வாசலில் அஷீல் வருவதைப் பார்த்ததும் ஓடுகிறான். கொஞ்ச தூரம் இல்லை, கோட்டை மதிலை மூன்று சுற்று. முந்தின இரவே “படையைக் கோட்டைக்குள் கொண்டுபோய்விடலாம்” என்று கூட இருந்தவன் சொன்ன யோசனையை அவன் கேட்கவில்லை. நிறையப் பேர் செத்த பிறகு, இப்போது உள்ளே போனால் ஊரார் என்ன சொல்வார்களோ என்ற வெட்கத்தில் வெளியே நின்றான். நின்றவன் பிறகு ஓடுகிறான். எங்கள் வகுப்பில் ஒருவனுக்கும் இது பிடிக்கவில்லை. “என்ன வீரன் இவன்?” என்று கேட்டோம். வாத்தியார், “ஓடிய பிறகு நின்றான் அல்லவா, அதைப் பாருங்கள்” என்றார். அன்றைக்கு அது புரியவில்லை.

அஷீல் அதைவிட மோசம். ட்ராய் சண்டை பத்து வருஷம் நடந்ததாகக் கதை. ஆனால் இலியட் காவியம் கடைசி வருஷத்தின் சில வாரங்களை மட்டும்தான் சொல்கிறது. கிரேக்க மூலத்தில் அதன் முதல் சொல்லே கோபம் என்று பொருள்படும் சொல். படைத்தலைவன் அகமெம்னான், அஷீலுக்குப் பங்காகக் கொடுத்திருந்த பிரிசெயிஸ் என்ற பெண்ணைச் சபையில் எல்லோர் முன்னிலும் பறித்துக்கொள்கிறான். அவமானப்பட்ட அஷீல் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறான். உட்கார்ந்தால்கூடப் பரவாயில்லை, தன் பக்கத்துப் படையே தோற்கட்டும், அப்போதுதான் தன் அருமை தெரியும் என்று தெய்வமான தாயிடம் வரம் கேட்கிறான். கேட்டபடியே நடக்கிறது. கிரேக்கர்கள் செத்து விழுகிறார்கள். கடைசியில் அவன் உயிருக்கு உயிரான பத்ரோக்லஸும் அவனுடைய கவசத்தையே மாட்டிக்கொண்டு போய் எக்தோர் கையால் சாகிறான்.

நம்மிடமும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் ஊடுருவி முதுகில் புண்பட்டுவிட்டதே என்று சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டார். கணைக்கால் இரும்பொறை சிறையில் கேட்ட தண்ணீரைக் காவலர்கள் தாமதமாகக் கொடுத்ததால் குடிக்க மறுத்தார். நம் புலவர்கள் இந்த மானத்தைப் போற்றினார்கள். ஓமர் அந்த மானத்துக்கு மற்றவர்கள் கொடுத்த விலையையும் எண்ணிக் காட்டினார். அதுதான் எனக்கு வித்தியாசமாகப் படுகிறது. புலவர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி கான்சாகிபுக்கு வருவோம்.

முகம்மது யூசுப்கான் ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர். இந்துவாகப் பிறந்து பின்னால் இஸ்லாமுக்கு மாறியவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. மருதநாயகம் என்பதும் அப்படி வந்த பெயர்தான். 1752-ல் சிப்பாய்ப் பட்டாளத்தோடு ராபர்ட் கிளைவிடம் சேர்ந்தார். திருச்சி முற்றுகையின்போது, பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும் சுற்றி நிற்க, புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையிலிருந்து கோட்டைக்கு அரிசியும் ஆடுமாடும் கொண்டுபோய்ச் சேர்ப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அதில் பெயரெடுத்தார். இங்கிலீஷ் தளபதி லாரன்ஸ் அவரை வாயாரப் புகழ்ந்தார். கம்பெனியின் எல்லாச் சிப்பாய்களுக்கும் அவரையே கமாண்டன்ட் ஆக்கினார்கள். கமாண்டன்ட் கான்சாகிபு என்பது நம் பக்கத்துப் பேச்சில் கும்மந்தான் கான்சாகிபு ஆயிற்று.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். புதுச்சேரியில் லாலியின் பெயரைச் சொல்லித்தான் எங்களுக்குச் சரித்திரம் நடத்துவார்கள். சென்னை ஏன் விழவில்லை என்று பாடத்தில் நாலு காரணம் இருக்கும். ஐந்தாவது காரணம் பாடத்தில் இல்லை. யூசுப்கான் தெற்கிலிருந்து ஆட்களோடு போய் லாலியின் முதுகுப்பக்கம் நின்றுகொண்டு, வருகிற தானியத்தையும் மாட்டையும் வழிமறித்தார். துரத்தினால் ஓடுவார், திரும்பினால் வந்துவிடுவார். அப்போது செங்கல்பட்டிலிருந்து வந்து அவரோடு தோள் சேர்ந்து நின்ற இங்கிலீஷ் கேப்டன் ஒருவர் உண்டு. பெயர் பிரஸ்டன். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நம் பக்கம். 1759-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு எடுத்து ஆள வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வாசுதேவநல்லூர் என்று இன்றைக்கு நாம் குற்றாலத்துக்கு வேன் பிடித்துப் போகிற பாதைதான் அவர் பீரங்கி இழுத்த பாதை. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் நவாபுக்கு வரி கட்ட மாட்டேன் என்று நின்றவர். வாசுதேவநல்லூர்க் கோட்டையை முதல் தடவை யூசுப்கானால் பிடிக்க முடியவில்லை, முட்டிவிட்டுத் திரும்பினார். விடவில்லை. 1761-ல் அந்தக் கோட்டையும் நெற்கட்டும்செவலும் விழுந்தன. மதுரைப் பக்கம் கள்ளர் நாட்டில் காட்டை வெட்டிப் பாதை திறந்து, பிடிபட்டவர்களைக் கொன்றார். அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு அவரை வீரர் என்று கொண்டாட என்ன கட்டாயம்?

இன்னொரு பக்கமும் உண்டு. வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது இது. சண்டையில் பாழாய்க் கிடந்த சீமையில் கண்மாய்களைச் செப்பம் செய்தார். மீனாட்சியம்மன் கோவிலுக்கு நின்றுபோயிருந்த மானியத்தைத் திரும்பக் கொடுத்தார். திருட்டை அடக்கினார். கடுமையான ஆள், ஆனால் தண்ணீரும் தராசும் சரியாக இருந்தால் குடியானவன் வரி கட்டுவான் என்று தெரிந்த ஆள்.

நவாப் முகம்மது அலிக்கு இந்த வளர்ச்சி கண்ணை உறுத்தியது. யூசுப்கான் தன் வேலைக்காரன் என்றார். குத்தகைப் பணத்தைத் தன் மூலமாகத்தான் கட்ட வேண்டும் என்றார். கம்பெனியும் அதற்குத் தலையாட்டியது. யூசுப்கான் தொகையைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. இது பணத் தகராறாக மட்டும் இருந்திருந்தால் தீர்ந்திருக்கும். “லாலியிடமிருந்து உங்கள் சென்னையைக் காப்பாற்றியவன் நான். எனக்கு எஜமான் அந்த நவாபா?” என்பதுதான் அவருக்குள் இருந்த புண் என்று நினைக்கிறேன். அகமெம்னான் பறித்தது ஒரு பெண்ணை, நவாப் பறித்தது ஒரு பதவியின் மரியாதையை. இரண்டிலும் சண்டைக்குப் போனவன் ஒருவன், மேலே உட்கார்ந்து பங்கு பிரித்தவன் வேறொருவன்.

1763-ல் அவர் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது. எங்கள் புதுச்சேரி 1761 ஜனவரியிலேயே இங்கிலீஷ்காரர்களிடம் விழுந்து, கோட்டை கொத்தளமெல்லாம் தரைமட்டமாகிவிட்டது. 1763 பிப்ரவரியில் பாரீஸில் சமாதானமும் கையெழுத்தாகிவிட்டது. தன் கோட்டையையே காப்பாற்ற முடியாத ராஜாங்கத்தின் கொடி அது. அவருக்கு உதவிக்கு வந்தது, சிதறிக் கிடந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் கொஞ்சம் பேர், அவர்களுக்குத் தலைவனாக மர்ஷான் என்ற ஒருவன். இங்கிலீஷ் புத்தகங்களில் மார்ச்சண்ட் என்று இருக்கும். பிரெஞ்சில் மர்ஷான் என்றால் வியாபாரி. பெயரிலேயே இருந்திருக்கிறது, கான்சாகிபுக்குப் பிரெஞ்சு தெரியாதுபோலும்.

1763-ல் மதுரையை முற்றுகையிட்ட இங்கிலீஷ் படை மழைக்காலம் வந்ததும் திரும்பிப் போனது. மறுவருஷம் மேஜர் கேம்பெல் தலைமையில் மறுபடியும் வந்தது. ஜூன் மாதம் கோட்டை மதிலில் உடைப்பு உண்டாக்கி ஏறினார்கள். உள்ளேயிருந்து வந்த அடியில் ஏகப்பட்ட பேரைப் பலிகொடுத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அன்றைக்குப் பட்ட காயத்தில் இறந்துபோன அதிகாரிகளில் ஒருவர் மேஜர் பிரஸ்டன். ஆமாம், சென்னையைச் சுற்றி யூசுப்கானோடு சேர்ந்து லாலியை விரட்டிய அதே பிரஸ்டன்தான். அவருடைய முழுப்பெயரைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். அக்கிலீஸ் பிரஸ்டன். எங்கள் அஷீல். ஓமர்கூட இப்படி எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள்.

மதிலை ஏற முடியாதவர்கள் பட்டினி போட ஆரம்பித்தார்கள். உணவு போகிற வழிகளையெல்லாம் அடைத்தார்கள். பத்து வருஷத்துக்கு முன் திருச்சிக்குள் அரிசி கொண்டுபோய்ப் பேரெடுத்தவருக்கு இப்போது மதுரைக்குள் அரிசி கொண்டுவர ஆளில்லை. கோட்டைக்குள் தானியம் தீர்ந்தது. சரணடைந்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அந்த நாட்களில் ஒரு வாக்குவாதத்தில் யூசுப்கான் மர்ஷானைப் பலர் பார்க்க அடித்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். நவாபுக்குக் கீழே உட்காரச் சொன்ன அவமானத்தைத் தாங்காமல் கொடி தூக்கியவர் அவர். இன்னொருவனுக்கும் முகம் என்று ஒன்று உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. அக்கிலீஸிடமும் இதுதான். தனக்குப் பட்ட காயம் அவனுக்குக் காவியம் அளவுக்குப் பெரிது. அவனால் செத்தவர்களுக்குத்தான் ஓமர் பக்கம் பக்கமாகப் பெயரும் ஊரும் அப்பா பெயரும் எழுதி வைத்தார். அக்கிலீஸ் அதைப் படித்திருக்க மாட்டான்.

சொல்லவா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொல்கிறேன். நான் ஒரு தாலுகா அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த காலம். ஜமாபந்தி நேரம். மேலதிகாரி ஒருவர் என்னைக் கணக்கில் ஒரு பிழைக்காகப் பத்துப் பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். பிழை என்னுடையது அல்ல. வெந்துபோய் என் மேஜைக்கு வந்தேன். அப்போது ஒரு கிராமத்துத் தலையாரி அடங்கல் கணக்கை எடுத்துக்கொண்டு தாமதமாக வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பஸ் கிடைக்காமல் நடந்தே வந்திருந்தார். நான் அந்தக் கணக்கை வாங்கி அவர் காலடியில் விட்டெறிந்தேன். மனு கொடுக்க வந்த ஜனங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து எடுத்தார். துண்டால் தூசி தட்டினார். மேஜைமேல் வைத்துவிட்டு, “சரிங்க சார்” என்று சொல்லிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்று சாயங்காலமே நினைத்தேன். நினைத்துக்கொண்டே பல வருஷம் போயிற்று. அதற்குப் பிறகு அவர் என் மேஜை முன் உட்கார்ந்ததே இல்லை. டீ வாங்கிக் கொடுத்தால் “வேண்டாங்க சார்” என்பார். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மர்ஷான் அப்படிப் பொறுத்துக்கொள்ளவில்லை. திவான் சீனிவாசராவும் மற்றவர்களும் அவனோடு சேர்ந்தார்கள். 1764 அக்டோபர் 13-ம் தேதி யூசுப்கான் தொழுகையில் இருந்தபோது பாய்ந்து பிடித்தார்கள். அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினார்கள் என்று சொல்வார்கள். எதிராளியிடம் ஒப்படைத்தார்கள். இரண்டாம் நாள், அக்டோபர் 15-ம் தேதி, நவாபின் உத்தரவுப்படி மதுரைக்கு மேற்கே தூக்கிலிட்டார்கள். கயிறு இரண்டு தடவை அறுந்தது, மூன்றாம் தடவைதான் உயிர் போனது என்பது ஜனங்களின் கதை. தொடைக்குள் ஒரு மந்திரக் குளிகை வைத்துத் தைத்திருந்தார், அதை எடுத்த பிறகுதான் செத்தார் என்றும் ஒரு கதை. துரியோதனனுக்கும் தொடைதான். அஷீலுக்குக் குதிகால் என்பார்கள். ஆனால் அந்தக் குதிகால் கதை இலியட்டில் இல்லை, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. இலியட்டில் அவனுக்குக் கோபத்தைத் தவிர வேறு பலவீனம் சொல்லப்படவில்லை.

உடலையும் விடவில்லை. தலை திருச்சிக்குப் போனது. கைகால்கள் வேறு வேறு ஊர்களுக்குப் போயின. மிஞ்சிய உடலைச் சம்மட்டிபுரத்தில் அடக்கம் செய்தார்கள். 1808-ல் அந்த இடத்தில் பள்ளிவாசல் எழுந்தது. மதுரையில் இன்றும் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. அவர் பெயரால் ‘கான்சாகிபு சண்டை’ என்ற கதைப்பாட்டும் இருக்கிறது. அவர் மனைவி மாஸா கைக்குழந்தையோடு விடப்பட்டார். கோட்டையைத் தாண்டி எதிரி பாளையத்துக்குப் போய், அந்த உடலைக் கொடுங்கள் என்று கேட்க யாரும் இல்லை.

இலியட்டில் அப்படி ஒருவர் போகிறார். எக்தோரைக் கொன்ற பிறகும் அஷீலின் கோபம் ஆறவில்லை. பிணத்தைத் தேரில் கட்டி நாள்தோறும் இழுக்கிறான். ஒரு ராத்திரி எக்தோரின் கிழட்டுத் தகப்பன் ப்ரியாம் தனியாக எதிரிக் கூடாரத்துக்குள் நுழைகிறார். தன் பிள்ளைகளைக் கொன்ற கையை எடுத்து முத்தமிடுகிறார். அஷீலுக்குத் தன் தகப்பன் ஞாபகம் வருகிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து அழுகிறார்கள். பிறகு உடலைக் கழுவிக் கொடுத்தனுப்புகிறான். காரியம் முடியும்வரை சண்டை வேண்டாம் என்று நாள் கணக்கும் கேட்டுக்கொள்கிறான். ட்ராய் நகரம் விழுவதைக்கூட அந்தக் காவியம் சொல்வதில்லை. எக்தோரின் காரியத்தோடு முடிந்துவிடுகிறது. எங்கள் வாத்தியார் அந்தப் பகுதியை எழுதச் சொன்ன அன்று பிழைகளுக்கு மதிப்பெண் குறைக்கவில்லை.

போன மாதம் மதுரைக்குக் கண் பரிசோதனைக்குப் போனவன், திரும்பும்போது சம்மட்டிபுரத்தில் இறங்கி அந்தப் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே இருந்த ஒரு பெரியவர், “எந்த ஊருங்க?” என்று கேட்டார். சிவகாசிப் பக்கம் என்றேன். “வெடி வாங்க நாங்க வருவோம், நீங்க இங்க வந்துருக்கீங்க” என்று சிரித்தார். சிறிது நேரம் நிழலில் உட்கார்ந்துவிட்டு பஸ் பிடித்தேன்.

அந்தத் தலையாரி நான் ஓய்வுபெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால் இறந்தார். தகவல் வந்ததும் மாலை வாங்கிக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். என்னைத் தெரிந்தவர் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்து ஓரமாக நின்றேன். அவர் மகன் வந்து, தோள் துண்டால் ஒரு நாற்காலியைத் தட்டித் துடைத்துப் போட்டான். “உக்காருங்க சார். அப்பா உங்களைப் பத்திச் சொல்லியிருக்காரு” என்றான்.

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.